அவ்வையும் தவ்வையும்: கலை வரலாற்றில் மூதாட்டியர்

தமிழ்ப் புலவர் பெண்ணின் பருவங்களை ஏழாக வகுத்தனர். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்பன அவை. ஐந்து வயதில் தொடங்கும் பேதைப் பருவம் முதல், முப்பத்திரண்டு தொடங்கி நாற்பதில் முடியும் பேரிளம்பெண் பருவம் வரை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக் கணக்கு உண்டு. உலா என்னும் சிற்றிலக்கியம் இவ்வேழு பருவத்தாரையும் வரிசையாக நிறுத்திப் பாடும். ஆனால் நாற்பதைக் கடந்த பெண்ணுக்கு அவ்வரிசையில் இடமும் இல்லை. பருவப் பெயரும் இல்லை. கவிதைக்கு உரியவளாகப் பெண் இருந்த காலம் நாற்பதோடு முடிந்தது என்று இவ்வகுப்பு நமக்குச் சொல்கிறது.

கவிதையில் வகுத்த இந்த எல்லை சிற்பத்திலும் ஓவியத்திலும் எவ்வாறு நின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் இப்பொருள் எதற்கு என்று இளைஞர் சிலர் வினவக்கூடும். நமது மக்களின் வரலாறு பெரும்பாலும் ஏட்டில் இல்லை. அது நம் ஆத்தாள்மாரின் நாவிலும் கைகளிலும் இருந்தது. அவர்களுடைய உருவம் எங்கும் பதிவு பெறாமற் போனதன் காரணத்தை அறியாமல், நமது வரலாற்றை நாம் எழுதத் தொடங்க இயலாது.

இளமை என்னும் விதி

இந்தியச் சிற்பக்கலை மனிதரைக் கண்டவாறு வடிக்கும் கலையன்று. அது அளவும் இலக்கணமும் வகுத்துக்கொண்டு வடிக்கும் கலை. தெய்வ உருவங்களை இளமைத் தோற்றத்தோடு அமைக்க வேண்டும், அரிதாகக் குழந்தை வடிவிலும் அமைக்கலாம், முதுமைத் தோற்றத்தோடு அமைத்தல் கூடாது என்று சுக்கிரநீதி விதிக்கிறது. தெய்வத்துக்கு வகுத்த இவ்விதி அரச குலத்தாரின் உருவங்களுக்கும் பொருந்தி நின்றது.

சோழப் பேரரசி செம்பியன் மாதேவியார் இதற்குத் தக்க சான்றாவார். கண்டராதித்த சோழரின் தேவியாகிய இவர், கணவர் மறைந்த பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றியவர். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் அவர் பழுத்த மூதாட்டியாக விளங்கினார். அமெரிக்க நாட்டின் வாசிங்டன் நகரிலுள்ள ஃபிரீயர் கலைக்கூடத்தில் அக்காலத்துச் செப்புத் திருமேனி ஒன்று உள்ளது. பார்வதியின் சாயலில் அமைந்த செம்பியன் மாதேவியாரின் உருவமே அது என்று அறிஞர் பலர் கருதுவர். அவ்வுருவத்தில் நரையும் இல்லை, திரையும் இல்லை. மெலிந்த இடையும் நிமிர்ந்த மார்பும் நீண்டு நெகிழ்ந்த கையுமாக இளநங்கை ஒருத்தி நிற்கிறாள். அவ்வறிஞர் கருத்துப்படி, முதுமையில் அரும்பணி ஆற்றிய ஓர் அரசியைக் கலை இளம்பெண்ணாக்கியே போற்றியது எனலாம்.

இதற்கு நேர்மாறான சான்று காரைக்கால் அம்மையார். வணிகர் குலத்தில் பிறந்த புனிதவதியார், கணவன் பரமதத்தனால் தெய்வமென்று அஞ்சி ஒதுக்கப்பட்டபோது இளம்பெண்ணாகவே இருந்தார். கணவனுக்காகத் தாங்கிய அழகுடல் இனி வேண்டா என்று இறைவனை வேண்டிப் பேயுருவம் பெற்றார் என்று பெரியபுராணம் கூறும். ஆகவே காலம் அவரை முதுமைப்படுத்தவில்லை. ஆயினும் அவருக்கு உருவம் கொடுக்க முனைந்த கலைஞர் எதைக் கண்டு வடித்தனர்? துருத்திய எலும்பு, வற்றிச் சரிந்த மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு ஆகியவற்றையே வடித்தனர். உழைத்துத் தேய்ந்து, பசியால் மெலிந்த ஒரு மூதாட்டியின் உடல் அது. பேய்க்கு வடிவம் தேடிய கலை அதனை வறிய முதியவளின் உடலில் கண்டது.

இராசேந்திர சோழன் எடுப்பித்த கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலில், ஆடவல்லானின் திருவடிக்கீழ் அம்மையார் அமர்ந்திருப்பதை இன்றும் காணலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அவருடைய செப்புத் திருமேனிகள் நியூயார்க் நகரின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் கன்சாஸ் நகரின் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்திலும் உள்ளன. கையில் தாளம் ஏந்தி, பாடலில் தம்மை மறந்த நிலையில் அவர் அமர்ந்திருக்கிறார். அவ்வுருவங்களைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். சிற்பி அவ்வுடலை இழிவு தோன்ற வடிக்கவில்லை. முகத்தில் அமைதியையும் மகிழ்ச்சியையும் வைத்தான். தம் பதிகத்தில் தம்மைக் காரைக்காற் பேய் என்று தாமே கூறிக்கொண்டவர் அம்மையார். உலகம் அஞ்சும் பெயரைத் தாமே பூண்டு, அப்பெயராலேயே இறைவன் அம்மையே என்று அழைக்கும் பெருமையை எய்தியவர். அறுபத்துமூவர் வரிசையில் ஏனையோர் நிற்க, அமர்ந்த கோலத்தில் இருப்பவர் அவர் ஒருவரே. அவர் பாடிய திருவாலங்காட்டில் இறைவனோடு ஆடல் போட்டியிட்ட காளியின் சிற்பத்தை, நம் துடியலூருக்குத் தொலைவில் இல்லாத பேரூரின் கனகசபையிலும் காணலாம்.

எனினும் ஓர் ஒப்பீட்டை இங்கே செய்தல் வேண்டும். லாகூர் அருங்காட்சியகத்தில், உண்ணா நோன்பிருந்த புத்தரின் காந்தாரச் சிற்பம் ஒன்று உள்ளது. அதிலும் எலும்பும் நரம்பும் தெரிகின்றன. வயிறு முதுகோடு ஒட்டியிருக்கிறது. அதனைக் காண்போர் தவம் என்று கைகூப்புவர். ஆணின் மெலிந்த உடல் தவத்துக்கு அடையாளமாயிற்று. பெண்ணின் மெலிந்த உடல் பேய்க்கு அடையாளமாயிற்று. உடலின் நிலை ஒன்றாக இருக்க, அதற்கு உலகம் வைத்த பெயர் வேறாயிற்று.

தவ்வையின் வீழ்ச்சி

தமிழில் அவ்வை என்பது தாயையும் மூதாட்டியையும் குறிக்கும் உறவுச்சொல். தவ்வை என்பது தமக்கையை, அதாவது மூத்தவளைக் குறிக்கும் உறவுச்சொல். இரண்டும் வீட்டில் பிறந்த சொற்களே. பின்னாளில் ஒன்று உயர்ந்தது, மற்றொன்று வீழ்ந்தது. அவ்வீழ்ச்சியின் கதையை முதலில் காண்போம்.

பாற்கடலைக் கடைந்தபோது திருமகளுக்கு முன் தோன்றியவள் என்பதால் ஒரு தெய்வத்துக்கு மூத்தவள் என்று பெயர் வந்தது. வடமொழியில் சேட்டா, தமிழில் சேட்டை, தவ்வை, மூத்த தேவி என்பன அவள் பெயர்கள். காஞ்சிபுரத்துக் கைலாசநாதர் கோயிலில் இவளுக்குச் சிற்பம் உண்டு. திருப்பரங்குன்றத்தில் எட்டாம் நூற்றாண்டில், பாண்டியரின் அதிகாரியாகிய சாத்தன் கணபதியின் மனைவி நக்கன் கொற்றி என்பாள் துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் செய்வித்தாள் என்று அங்குள்ள கல்வெட்டுக் கூறுகிறது. பெண் ஒருத்தி தன் பெயரால் இத்தெய்வத்துக்குக் கோயில் எடுத்த காலம் இருந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அச்சிற்பங்களில் சேட்டை எவ்வாறு இருக்கிறாள்? இரு கால்களையும் தொங்கவிட்டு அகன்று அமர்ந்திருக்கிறாள். வயிறு பருத்திருக்கிறது, மார்பு சரிந்திருக்கிறது. ஒருபுறம் மாட்டுத் தலையுடைய மகனும் மறுபுறம் மகளும் உள்ளனர். அவளுக்குக் காக்கைக் கொடி உண்டு, துடைப்பமும் உண்டு. பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, வீடு பெருக்கி, உடல் தளர்ந்து அமர்ந்த ஒரு தாயின் உருவமே இது என்பதை எவரும் உணரலாம். தொடக்கத்தில் பிள்ளைப் பேற்றுக்கும் நல்வாழ்வுக்கும் மக்கள் அவளை வணங்கினர்.

ஆயினும் அவளை வறுமையோடு சேர்த்துப் பேசும் வழக்கமும் பழமையானதே. திருக்குறளில் அழுக்காறாமை அதிகாரத்தில் தவ்வை என்ற பெயரும், ஆள்வினையுடைமை அதிகாரத்தில் முகடி என்ற பெயரும் திருமகளுக்கு எதிராக நிற்கின்றன. தொண்டரடிப்பொடியாழ்வார் சேட்டையிடம் செல்வம் நாடுவோரைக் கடிந்து பாடினார். பத்தாம் நூற்றாண்டுக்குப் பின் அவள் வழிபாடு குன்றியது. பெருங்கோயில்களில் புதிய சேட்டைச் சிற்பங்கள் அருகின. பழைய சிற்பங்கள் பல கோயிலுக்கு வெளியே குளக்கரையிலும் வயல்வெளியிலும் கிடந்தன. சில அருங்காட்சியகங்களுக்குச் சென்றன. மூத்த தேவி என்ற பெயர் மூதேவி என்று குறுகி, வீட்டிலும் வீதியிலும் வசைச்சொல் ஆயிற்று. மூத்தவள் என்பதே ஒரு மொழியில் வசையாக மாறியதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

இங்கே நமது மக்கள் சிறப்பாகக் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெருங்கோயில் கல்வெட்டுகள், வரி நீக்கிய நிலங்களை ஊர்தோறும் எண்ணுகின்றன. அப்பட்டியலில் ஊர் நத்தம், குளம், வாய்க்கால், பிடாரி கோயில், ஐயன் கோயில், சேட்டையார் கோயில், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு ஆகியன இடம்பெறுகின்றன. பறைச்சேரியும் சேட்டையார் கோயிலும் ஒரே பட்டியலில் நிற்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஊரின் அமைப்பில் இரண்டுக்கும் இடம் இருந்தது. அந்த இடம் எத்தகையது என்பதைப் பின்வந்த வரலாறு காட்டிற்று. துடைப்பம் ஏந்திய தெய்வம் கோயிலுக்கு வெளியே சென்றது. துடைப்பம் ஏந்திய மனிதரும் வெளியிலேயே நிறுத்தப்பட்டனர். ஊரைத் தூய்மை செய்யும் கருவி எவ்வாறு தீட்டுக்கும் கேட்டுக்கும் அடையாளமாயிற்று என்பதை நம் இளைஞர் ஆராய வேண்டும்.

அவ்வையின் உயர்வு

தவ்வை வீழ்ந்த அதே மண்ணில் அவ்வை உயர்ந்தாள். தமிழ்நாட்டில் மூதாட்டி ஒருவரின் உருவம் மதிப்போடு நிற்கும் இடம் அவ்வையாரின் உருவமே ஆகும். ஆனால் அம்முதுமையும் எளிதாக வந்ததன்று.

அவ்வையார் என்ற பெயரில் வெவ்வேறு காலத்துப் புலவர் பலர் இருந்தனர் என்பது ஆய்வாளர் துணிபு. அதியமான் நெடுமானஞ்சியின் நண்பராக விளங்கிய சங்க கால அவ்வையாரின் பாடல்கள் ஐம்பத்தொன்பது நமக்குக் கிடைத்துள்ளன. புறநானூற்றில் அவர் தம்மைப் பிறர் விளித்ததாகக் கூறும் இடத்தில், அணிகலன் பூண்ட, மை தீட்டிய கண்ணுடைய விறலியாகக் காணப்படுகிறார். அங்கே கோலூன்றிய கிழவி இல்லை. ஆத்திசூடி பாடிய பிற்கால அவ்வையாரோடு கலந்து, திருமணத்தைத் தவிர்க்கப் பிள்ளையாரிடம் முதுமையை வேண்டிப் பெற்றார் என்ற கதை எழுந்த பின்னரே அவர் என்றும் கிழவியானார். அக்கதையின் உட்பொருள் ஆழமானது. ஊர் ஊராகத் தனித்து நடக்கவும், மன்னன் முன் அஞ்சாது பேசவும் ஒரு பெண்ணுக்கு உரிமை வேண்டுமாயின் அவள் முதியவளாக இருத்தல் வேண்டும் என்று மக்கள் கருதினர். முதுமை இங்கே காவலாகவும் உரிமையாகவும் நிற்கிறது.

கபிலர் அகவல் வழி வழங்கும் கதை, அவ்வையாரையும் வள்ளுவரையும் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த ஆதி என்னும் தாயின் மக்களாகக் கூறுகிறது. வரலாற்று நோக்கில் இக்கதை நிலைபெறாது. எனினும் தமிழரின் பேரறிவுக்குத் தாயாக மக்கள் எவளை நினைத்தனர் என்பதற்கு அது சான்று. 1907-ஆம் ஆண்டு தமிழன் இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், அவ்வையாரை அம்பிகையம்மை என்னும் பௌத்தத் துறவியாகக் கொண்டு அவர் நூலுக்கு உரை வகுத்தார். பண்டிதரின் முடிபை ஏற்பார் உண்டு, மறுப்பார் உண்டு. ஆயினும் அறிவுடைய மூதாட்டி எவருடையவள் என்ற வினாவை நம் முன்னோர் எழுப்பினர் என்பது பெருமைக்குரியது.

இருபதாம் நூற்றாண்டில் அவ்வைக்கு முகம் கொடுத்தவர் நம் கொங்கு நாட்டுப் பெண்மணி. கொடுமுடியில் 1908-ஆம் ஆண்டு பிறந்த கே. பி. சுந்தராம்பாள், வறுமையில் வளர்ந்து நாடக மேடையால் உயர்ந்தவர். 1935-இல் வெளிவந்த பக்த நந்தனார் படத்தில் நந்தனாராகவே நடித்தார். 1953-இல் ஜெமினி நிறுவனம் வெளியிட்ட ஔவையார் படத்தில் அவர் ஏற்ற மூதாட்டி வேடம் தமிழ் மக்களின் மனத்தில் நிலைத்தது. நீறணிந்த நெற்றியும் வெண்ணிற ஆடையும் கைக்கோலுமாக அவ்வையை நாம் இன்று நினைக்கும் நினைவில் அப்படத்தின் பங்கு பெரிது. 1968-இல் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றபோது கடற்கரையில் நிறுவிய சிலைகளுள் அவ்வையாரின் சிலையும் ஒன்று.

உழைக்கும் மூதாட்டி எங்கே?

இதுவரை கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். தமிழ்க் கலை மூதாட்டிக்கு மூன்று அச்சுகளை வைத்திருந்தது. உடலைத் துறந்த அடியவள் ஒன்று; கேடு தரும் மூத்தவள் ஒன்று; அறம் உரைக்கும் புலமையாட்டி ஒன்று. இம்மூன்றிலும் அடங்காதவள் ஒருத்தி உண்டு. அறுபது வயதிலும் களை பறித்தவள், நாற்று நட்டவள், செங்கல் சுமந்தவள், பேறு பார்த்தவள், தெருப் பெருக்கியவள். அவளுக்குக் கலையில் அச்சு இல்லை.

அதே சென்னைக் கடற்கரையில் உழைப்பாளர் சிலை 1959-ஆம் ஆண்டு முதல் நிற்கிறது. சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக விளங்கிய தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த சிறந்த படைப்பு அது. பாறையை நகர்த்தும் நால்வரின் தசை முறுக்கத்தில் உழைப்பின் வலிமை விளங்குகிறது. அந்நால்வரும் ஆடவர். உழைப்புக்குச் சிலை எடுத்த இடத்தில் பெண் இல்லை. மூதாட்டிக்குச் சிலை எடுத்த இடத்தில் கூலி உழைப்பு இல்லை. நம் அம்மாயி அவ்விரண்டு சிலைகளுக்கும் நடுவே விடுபட்டுப் போனாள்.

நம் கொங்கு நாட்டின் பழைய நினைவுக் கற்களை நோக்கினும் இதுவே நிலை. போரில் பட்ட வீரனுக்கு நடுகல் நட்டனர். கணவனோடு தீப்பாய்ந்தவளுக்கு மாசதிக்கல் நட்டனர். வாழ்நாளெல்லாம் உழைத்து, பேரன் பேத்தியரை வளர்த்து, முதுமையில் இயல்பாக மறைந்தவளுக்குக் கல் நடும் வழக்கம் இல்லை. இறப்பினால் புகழ் பெற இடம் இருந்தது. வாழ்ந்ததனால் புகழ் பெற இடம் இல்லை.

கல்லில் இல்லாத இப்பரிவு சொல்லில் இருந்தது என்பதையும் மறத்தல் ஆகாது. காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்னும் பெண்பாற் புலவர், போரில் மகன் புறங்காட்டினான் என்று பிறர் கூறக் கேட்டு அவன் உடலைக் களத்தில் தேடிச் சென்ற முதிய தாயைப் பாடினார். நரம்பு தெரியும் அவள் மெலிந்த தோளை அவர் மறைக்கவில்லை. பேய்க்கு உரியதாகச் சிற்பி கொண்ட அதே அடையாளம் அங்கே தாய்க்கு உரியதாயிற்று. பார்ப்பவர் யார் என்பதைப் பொறுத்தே உருவத்தின் பொருள் மாறுகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நமது மூதாட்டியரைப் பார்த்தவர் எவர்? தடாகம் பள்ளத்தாக்கின் செங்கற்சூளைகள் 2021-இல் மூடப்படும் வரை, அங்கே மண் குழைத்தும் கல் அடுக்கியும் முதுகு வளைந்த பெண்கள் எத்தனை பேர்! ஊரார் வீட்டுப் பிள்ளைகளை இவ்வுலகுக்கு ஏந்தித் தந்த மருத்துவச்சிகள் நம் குடியிருப்புகளில் இருந்தனர். அக்கைகள் குழந்தையை ஏந்தலாம், வீட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தொடலாகாது என்றிருந்த காலம் அது. எழுபது வயது மூதாட்டியைப் பண்ணை வீட்டுச் சிறுவன் பெயர் சொல்லி ஒருமையில் அழைப்பான். அவள் அவனைச் சாமி என்று அழைக்க வேண்டும். முதுமைக்குத் தமிழர் தரும் மரியாதை சாதியின் வாயிலில் நின்றுவிட்டது. கோயிற் சிற்பங்களையோ அவர்கள் கண்டதும் இல்லை. 1947-ஆம் ஆண்டின் சென்னை மாகாண ஆலய நுழைவுச் சட்டத்துக்கு முன் நம் பாட்டிமாரின் தலைமுறை கோபுரத்தைத் தொலைவிலிருந்தே வணங்கியது.

பிற நாடுகளில்

இக்குறை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. கிரேக்கர் தெய்வங்களையும் வீரர்களையும் இளமையோடு வடித்தவரே. எனினும் கிறித்து பிறப்பதற்கு முந்தைய இரண்டாம் நூற்றாண்டளவில், கூனிய முதுகும் கையில் கூடையும் கோழியுமாக வரும் முதியவள் ஒருத்தியை வடித்தனர். உரோமர் காலத்து அதன் படி ஒன்று நியூயார்க்கில், முன்னர்க் குறித்த மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலேயே உள்ளது. சந்தைக் கிழவி என்று அதனை அழைப்பர். உழைக்கும் மூதாட்டி கலையில் நுழைந்தாள். ஆனால் பெயரின்றி நுழைந்தாள்.

பெயரோடு நுழைந்தவள் ஒரு தாய். ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், 1514-ஆம் ஆண்டு மார்ச் மாதம் தம் தாய் பார்பராவைக் கரிக்கோலால் வரைந்தார். பொற்கொல்லர் ஒருவரை மணந்து பதினெட்டுப் பிள்ளைகளைப் பெற்று, அவர்களுள் மூவரை மட்டுமே எஞ்சக் கண்ட தாய் அவர். நெற்றிச் சுருக்கமும் கழுத்து நரம்பும் விலகிய பார்வையும் அப்படத்தில் உள்ளவாறே இருக்கின்றன. அதன் மேல், இவர் தம் தாய் என்பதையும், அவருக்கு வயது 63 என்பதையும் மகன் எழுதிவைத்தார். இரண்டு மாதங்களுக்குள் தாய் மறைந்தார். அச்செய்தியையும் அதே தாளில் சேர்த்து எழுதினார். அந்தத் தாள் பெர்லின் நகரில் இன்றும் காக்கப்படுகிறது. ஓர் உருவம், ஒரு பெயர், ஒரு வயது, ஒரு நாள் என்னும் நான்கும் சேர்ந்தபோது ஓர் எளிய தாய் ஐந்நூறு ஆண்டுகள் கடந்தும் மறையாது நிற்கிறார்.

மூதாட்டியே கலைஞராக நின்று தம்மை வரைந்த சான்றும் உண்டு. ஜெர்மானியப் பெண் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் முதல் உலகப் போரில், 1914-ஆம் ஆண்டு, மகனை இழந்தவர். தம் முகம் முதுமை அடைவதை ஆண்டுதோறும் ஒளிக்காமல் வரைந்தவர். 1942-இல், எழுபத்தைந்தை நெருங்கிய வயதில், விதைத் தானியம் அரைபடலாகாது என்ற பொருளுடைய தலைப்பில் ஒரு படம் செய்தார். வலிய கைகளை விரித்து மூன்று சிறுவரைத் தன் மேலாடைக்குள் காக்கும் முதிய தாய் அதில் இருக்கிறாள். பஞ்ச காலத்திலும் விதைநெல்லைத் தொடாது காத்த நம் பாட்டிமாருக்கு அப்படத்தின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

நம் காலமும் நம் கடமையும்

காலம் மாறி வருகிறது. மதுரையைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் ம. பழனிக்குமார், தூய்மைப் பணியாளரின் வாழ்வைத் தம் ஒளிப்படங்களால் நாடறியச் செய்தவர். மீன் விற்று வளர்த்த தம் தாயையும் அவ்வாறே படம் எடுத்து, அவர் வாழ்வை எழுதினார். நம் துடியலூரைக் கடந்து செல்லும் மேட்டுப்பாளையம் சாலையிலேயே தேக்கம்பட்டிக்கு வழி உண்டு. அவ்வூர் உழவுப் பெண்மணி பாப்பம்மாள், நூறு வயதைக் கடந்த நிலையில் 2021-இல் பத்மசிறீ விருது பெற்று, 2024-இல் மறைந்தார். மேற்கே அட்டப்பாடி மலையைச் சேர்ந்த இருளர் குலப் பெண்மணி நஞ்சம்மாவுக்கு, 2022-இல் அறிவித்த தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி விருது கிடைத்தது. உழைத்த முகங்கள், சுருங்கிய முகங்கள், பெயரோடும் தொழிலோடும் நாளிதழ்களின் முதற்பக்கத்தில் வந்தன. விருது பெற்றமையால் வந்தன என்பது மெய். விருது பெறாத ஆயிரவருக்கு நாமே பக்கம் ஒதுக்க வேண்டும்.

நமது சங்கத்தின் வெள்ளி விழாவில் இதனை எண்ணிப் பார்ப்போம். சங்கத்தின் தலைவர்கள், செயலர்கள், பொருளாளர்கள் ஆகியோரின் படங்கள் நம் கூடத்துச் சுவரில் இருக்கின்றன, இருத்தல் முறையே. ஆயினும் தொடக்க நாட்களில் பிள்ளைகளின் மதிய உணவுக்கு வீட்டுக்கு ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தவர்கள் மூதாட்டியர். கூலி வாங்கிய நாளில் முந்தானையில் முடிந்து வைத்த காசைச் சந்தாவாகத் தந்தவர்கள் அவர்கள். தம் பெயரை எழுதத் தெரியாதவர்கள், பேத்தியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மாலை வரை வாயிற்படியில் காத்திருந்தவர்கள். அச்சுவரில் அவர்களுள் ஒருவரின் படமும் இல்லை. அவர்களுட் பலர் மறைந்துவிட்டனர். எஞ்சியிருப்போர் சிலரே.

ஆகவே நம் இளைஞர்க்கு ஒரு பணியை முன்வைக்கிறோம். வரும் கோடை விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும் மாணவியும் தம் தெருவிலுள்ள மூதாட்டி ஒருவரைத் தேர்ந்து, அவர் இசைவு பெற்று, அவரை வரைதல் வேண்டும். அல்லது கைப்பேசியால் ஒளிப்படம் எடுத்தல் வேண்டும். பட்டுச் சேலை உடுத்தி, மாலை அணிவித்து, திருமண மண்டபத்தில் நிற்பது போல எடுத்தல் வேண்டா. அவர் எதைச் செய்து வாழ்ந்தாரோ அந்த வேலையின் கருவி கையில் இருக்கட்டும். களைக்கொத்தாயினும் முறமாயினும் துடைப்பமாயினும் இருக்கட்டும். சுருக்கத்தை மறைக்கவும் வேண்டா, மிகைப்படுத்தவும் வேண்டா. இரக்கத்தைத் தூண்டும் படம் நமக்கு வேண்டுவதில்லை. அடையாளம் சொல்லும் படமே வேண்டும்.

படத்தின் கீழே அவருடைய முழுப் பெயரையும், தாய் தந்தையர் பெயரையும், பிறந்த ஊரையும், வயதையும், செய்த தொழில்களையும், படம் எடுத்த நாளையும் எழுதுதல் வேண்டும். வயது தெரியாதெனில், அவர் நினைவிலுள்ள பஞ்சமோ வெள்ளமோ தேர்தலோ எதுவென்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். பெயருக்குப் பின் அம்மாள் என்று சேர்த்து எழுதுதல் வேண்டும். அவரை வாழ்நாளில் எவரும் அவ்வாறு அழைக்காதிருந்திருக்கலாம். ஏட்டிலேனும் அது நிகழட்டும். இவ்வாறு திரட்டியவற்றைச் சங்கத்தின் நூலகத்தில் ஒரு தொகுதியாக வைப்போம். தலைவர்களின் படங்கள் உள்ள அதே சுவரில், அதே அளவில், அவர்களின் படங்களையும் மாட்டுவோம்.

கல்லில் வடிக்க நமக்குக் காணியும் செல்வமும் இல்லாதிருந்தன. செம்பில் வார்க்க நம்மிடம் செம்பும் இல்லை, கொல்லரும் இல்லை. இன்று எழுத்து நம் கையில் இருக்கிறது. படம் எடுக்கும் கருவியும் இருக்கிறது. நாற்பதோடு முடிந்த பருவ வரிசையை நாம் நீட்டி எழுத வேண்டும். மூத்தவள் என்ற சொல் வசையாக வழங்கும் வாயை நம் வீட்டிலிருந்தே திருத்த வேண்டும். அடுத்த விழா மலரை நம் பேரப்பிள்ளைகள் புரட்டும்போது, தம் கொள்ளுப்பாட்டியின் முகத்தையும் பெயரையும் அதில் காண்பார்களாயின், இச்சங்கம் ஆற்றிய கல்விப் பணியில் ஒரு பெரும்பகுதி நிறைவேறியது என்று கொள்ளலாம்.